பன்னிரண்டு மணி மாத்திரை: பார்க்கின்சன் நோயில் சிகிச்சைத் தேர்வு – ஒரு நிகழ்வு ஆய்வு

இங்கே வரும் நோயாளி தனி ஒருவர் அல்ல. பார்க்கின்சன் நோயின் எட்டாவது, பத்தாவது ஆண்டுகளில் திரும்பத் திரும்பத் தென்படும் நிலைமைகளை ஒரே கோப்பாகச் சேர்த்து எழுதியது இது. மருந்தளவுகள் நடைமுறையில் உள்ளவை என்றாலும், ஒருவருக்கு எழுதிய அளவை இன்னொருவர் எடுத்துக்கொள்ளக் கூடாது.

நோயாளி

57 வயதுப் பெண், பள்ளிக் கணித ஆசிரியை. நோய் கண்டறியப்பட்டு 9 ஆண்டுகள். முதலில் வந்தது நடுக்கம் அல்ல, வலது தோள் வலி. அதை 'உறைந்த தோள்' என்று சொல்லி ஏறத்தாழ ஓராண்டு இயன்முறைச் சிகிச்சை நடந்தது. இது அடிக்கடி நடக்கிற தவறுதான். தசை இறுக்கத்தால் ஒரு பக்கக் கை வீசாமல் போனால் தோள் வலிக்கத்தான் செய்யும். விடைத்தாளில் மதிப்பெண் போடும் எழுத்து போகப்போகச் சிறுத்ததையும், நடக்கும்போது வலது கை அசையாததையும் சேர்த்துப் பார்த்த பிறகே நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பப்பட்டார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே வாசனை தெரியாமல் போயிருந்தது. தூக்கத்தில் கத்திக் கைகாலை உதைக்கும் பழக்கமும் இருந்தது.

முதல் 5 ஆண்டுகள் லெவோடோபா நன்றாக வேலை செய்தது. இந்த நோயில் மூளையில் குறைந்துபோகும் டோபமின் என்ற வேதிப்பொருளாக மாறும் மருந்து அது. பிறகு ஒவ்வொரு மாத்திரையின் வேலைநேரமும் குறையத் தொடங்கியது. மதிப்பீட்டுக்கு வந்த நாளில் அவருடைய மருந்துப் பட்டியல்:

லெவோடோபா 100 மி.கி., கார்பிடோபா 25 மி.கி. கலந்த மாத்திரை, வேளைக்கு ஒன்றரை. காலை 6, 9, மதியம் 12, 3, மாலை 5:30, இரவு 8 என 6 வேளை. பிரமிபெக்ஸோல் 0.5 மி.கி. மூன்று வேளை. ராசாஜிலின் 1 மி.கி. காலையில். இவை தவிர, இரத்தசோகைக்கு வேறொரு மருத்துவர் எழுதிக் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை, 'மதியச் சாப்பாட்டுக்குப் பின்' என்ற குறிப்போடு. கடைசியாகச் சொன்ன இந்த மாத்திரை நரம்பியல் கோப்பில் இல்லவே இல்லை. மருந்துப் பையை மேசையில் கொட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

எல்லாவற்றையும் லெவோடோபாவின் அளவுக்கு மாற்றிக் கணக்கிட்டால் நாளொன்றுக்கு 1,150 மி.கி. வருகிறது: லெவோடோபா 900, பிரமிபெக்ஸோல் 1.5 மி.கி.க்கு 150, ராசாஜிலினுக்கு 100. மருந்து குறைவு என்று சொல்ல முடியாத அளவு இது.

அவரும் கணவரும் வந்த நோக்கம் ஒன்றுதான். மூளையில் மின்முனை வைக்கும் அறுவையைச் செய்துகொள்ளலாமா, வேண்டாமா?

அரைமணிக் கட்டங்கள்

இந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்லக் கூடாது. முதலில் மூன்று நாள் குறிப்பேடு. ஒரு நாளுக்கு 48 அரைமணிக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஐந்தில் ஒரு குறி: தூக்கம், 'ஆஃப்', அதாவது மருந்து வேலை செய்யாமல் உடல் இறுகிக் கிடக்கும் நேரம், தன்னிச்சை அசைவு (மருந்தால் தானாக வரும் நெளிவு) இல்லாத 'ஆன்', அதாவது மருந்து வேலை செய்யும் நேரம், அசைவு இருந்தும் தொந்தரவில்லாத 'ஆன்', தொந்தரவான அசைவோடு கூடிய 'ஆன்'. மாத்திரை விழுங்கிய நேரமும் சாப்பிட்ட நேரமும் ஓரத்தில்.

இதில் நோயாளிகள் வழக்கமாகத் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. நடுக்கத்தையும் தன்னிச்சை அசைவையும் ஒன்றென்று நினைத்து இரண்டையும் 'ஆஃப்' என்று எழுதிவிடுவார்கள். நடுக்கம் ஒரே தாளத்தில் முன்னும் பின்னும் வரும், பெரும்பாலும் கை சும்மா இருக்கும்போது. மருந்தால் வரும் அசைவுக்குத் தாளம் கிடையாது. உடல் நெளியும், தலையும் தோளும் அலையும், பார்ப்பதற்கு நடனம் மாதிரி இருக்கும். முதலாவதற்கு மருந்து போதவில்லை, இரண்டாவதற்கு மருந்து மிகை. மாற்றி எழுதினால் சிகிச்சையும் தலைகீழாகிவிடும். எனவே இரண்டையும் கைபேசியில் அரை நிமிடம் படமெடுத்து வரச் சொல்லி, எது எது என்று காட்டிய பிறகே குறிப்பேடு தொடங்கப்பட்டது.

விழித்திருந்த 16 மணி நேரத்தின் சராசரி: ஆஃப் 5.5 மணி; தொந்தரவான அசைவு 2 மணி; தொந்தரவில்லாத அசைவு 1 மணி; நல்ல ஆன் 7.5 மணி.

கருவி உதவியுடனான சிகிச்சையைப் பற்றி எப்போது பேசத் தொடங்கலாம் என்பதற்கு 5-2-1 என்ற எளிய அளவுகோல் இருக்கிறது. நாளுக்கு 5 வேளையோ அதற்கு மேலோ லெவோடோபா, 2 மணி நேரமோ அதற்கு மேலோ ஆஃப், 1 மணி நேரமோ அதற்கு மேலோ தொந்தரவான அசைவு. மூன்றில் ஒன்று இருந்தாலே பேச்சைத் தொடங்கலாம். இவருக்கு மூன்றும் இருந்தன. ஆனால் அந்த அளவுகோல் 'பேசலாம்' என்று மட்டுமே சொல்கிறது. மாத்திரை ஒழுங்காக வயிற்றைத் தாண்டுகிறதா என்று அது கேட்பதில்லை.

கட்டங்களை மணிவாரியாக அடுக்கியதும் ஒரு வடிவம் தெரிந்தது. ஆஃப் நேரம் நாள் முழுக்கப் பரவி இருக்கவில்லை. விடியலில் ஒரு மணி நேரம், மதியம் 12:30 முதல் 3 வரை ஒரு நீண்ட பள்ளம், மீதி ஆங்காங்கே அரை மணி. தொந்தரவான அசைவு முழுவதும் 3:30-க்கும் 5:30-க்கும் இடையில்.

மதியம் என்ன நடந்தது

12 மணி மாத்திரையை அவர் 12 மணிக்குப் போடவில்லை. வகுப்பு முடிந்து வர 12:40 ஆகும். அப்போது சாப்பாட்டோடு சேர்த்து விழுங்குவார். சாப்பிட்டு முடித்ததும் இரும்பு மாத்திரை.

லெவோடோபா இரைப்பையில் உறிஞ்சப்படுவதில்லை. சிறுகுடலின் முதல் பகுதியில்தான் இரத்தத்துக்குள் போகிறது. உணவு உள்ளே இருந்தால் இரைப்பை மெதுவாகக் காலியாகும், மாத்திரை அங்கேயே காத்துக் கிடக்கும். பார்க்கின்சனில் இரைப்பை ஏற்கெனவே மந்தம். குடலுக்கு வந்து சேர்ந்தாலும், புரதம் செரித்து வரும் அமினோ அமிலங்கள் அதே கடத்தி வழியாகவே உள்ளே போக வேண்டும் என்பதால் அங்கே நெரிசல். இரத்தத்திலிருந்து மூளைக்குள் போகும் வாசலிலும் அதே போட்டி. போதாக்குறைக்கு, இரும்பு லெவோடோபாவைப் பிணைத்துக்கொண்டு உறிஞ்சலைக் குறைக்கிறது. ஆக, அந்த ஒரு மாத்திரைக்கு மூன்று தடைகள்.

2 மணி ஆகியும் உடல் விடவில்லை என்றதும் பயத்தில் இன்னொரு மாத்திரை போடுவார். அது பட்டியலில் இல்லாத மாத்திரை. கேட்ட பிறகே சொன்னார். 3 மணிக்கு வழக்கமான வேளை. சுமார் 3:30-க்கு இரைப்பை காலியாகத் தொடங்கும்போது மூன்று வேளை மருந்தும் ஏறக்குறைய ஒன்றாகக் குடலில் இறங்கும். அடுத்த இரண்டு மணி நேரம் நாற்காலியில் உட்கார முடியாத அளவுக்கு உடல் நெளியும்.

மதிய உறைவுக்கும் மாலை நெளிவுக்கும் காரணம் ஒன்றே. இதைக் கவனிக்காமல் 'மதியம் ஆஃப் அதிகம், மருந்தைக் கூட்டுவோம். மாலையில் அசைவு அதிகம், மருந்தைக் குறைப்போம்' என்று மாறி மாறிச் செய்தால் ஓராண்டு வீணாகப் போகும்.

நோயின் முதல் ஆண்டுகளில் இதே தவறைச் செய்திருந்தாலும் தெரிந்திருக்காது. இரத்தத்தில் லெவோடோபாவின் அரைவாழ்வு ஏறக்குறைய ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம்தான். அன்று மிச்சமிருந்த நரம்பணுக்கள் டோபமினைச் சேமித்து வைத்துச் சீராக வெளிவிட்டன. சேமிப்புக் கிடங்கு குறைந்த பிறகு, இரத்தத்தில் அளவு ஏறி இறங்குவது அப்படியே உடலில் தெரிகிறது.

அறுவைக்கு முன் 3 மாதம்

மதிய வேளை 11:45-க்கு மாற்றப்பட்டது. இடைவேளை மணி அடிக்கும் நேரம் அது, மறக்காது. சாப்பாடு 12:40-க்கே. பொது விதி: சாப்பாட்டுக்கு அரை மணி முன், அல்லது ஒரு மணி பின். பகல் உணவில் புரதத்தைக் குறைத்து, நாளின் புரதத்தில் பெரும்பங்கு இரவுக்குத் தள்ளப்பட்டது. மொத்தப் புரதம் குறையக் கூடாது. எடை இறங்கும் நோய் இது. 'புரதமே வேண்டாம்' என்று பட்டினி கிடந்து தசையை இழந்தவர்கள் உண்டு. இரும்பு மாத்திரை இரவு 10 மணிக்கு, கடைசி வேளைக்கு 2 மணி நேரம் கழித்து.

மலச்சிக்கல் இருந்தது, மூன்று நாளுக்கு ஒரு முறை. தினமும் இரவு ஒரு பொட்டலம் பாலிஎத்திலீன் கிளைக்கால் தூள். இதைச் சில்லறை விஷயமாக நினைப்பது தவறு. குடல் அடைத்துக் கிடந்தால் எந்த மாத்திரையும் நேரத்துக்கு வேலை செய்யாது.

விடியல் ஆஃபுக்கு, தண்ணீரில் கரையும் லெவோடோபா-பென்செராசைடு மாத்திரை ஒன்று. இரவே கட்டிலருகே டம்ளரும் மாத்திரையும் வைத்துவிட்டு, 5:30-க்கு அலாரம் அடித்ததும் கரைத்துக் குடித்துவிட்டு அரை மணி படுத்திருப்பது. வலது கால் விரல்கள் உள்ளே சுருண்டு வலிக்கும் காலைப் பிடிப்பு இதனால் பெரும்பாலும் போயிற்று.

ஒவ்வொரு பகல் வேளையோடும் என்டகபோன் 200 மி.கி. சேர்க்கப்பட்டது. லெவோடோபா உடைவதை அது தாமதப்படுத்துவதால், வேளைக்கு 150 என்றிருந்த லெவோடோபா 125 மி.கி. ஆகக் குறைக்கப்பட்டது. சிறுநீர் ஆரஞ்சு கலந்த பழுப்பாகும் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால் இரண்டாம் நாளே மருந்தை நிறுத்திவிடுவார்கள். என்டகபோனும் இரும்போடு பிணையும் என்பதால் இரவு 10 மணி ஏற்பாடு இங்கேயும் பயன்பட்டது. அசைவுக்கு அமான்டடின் 100 மி.கி. காலையும் பிற்பகலும். அது சிறுநீரகம் வழியாக வெளியேறும் மருந்து. கிரியேட்டினின் பார்த்த பிறகே தொடங்கியது. கணுக்கால் சற்று வீங்கியது, தொடையில் வலைபோல் செந்நீலக் கோடுகள் வந்தன. பொறுத்துக்கொள்ளக் கூடியவை.

தவறு நேர்ந்தது பிரமிபெக்ஸோலில். கணவரைத் தனியாகக் கேட்டபோது வந்த செய்தி: ஓராண்டாக நள்ளிரவில் கைபேசியில் பொருள் வாங்கிக்கொண்டே இருக்கிறார், பிரிக்காத பெட்டிகள் அலமாரி முழுக்க. டோபமின் தூண்டி மருந்துகளின் அறியப்பட்ட பக்கவிளைவு இது: அடக்க முடியாமல் வாங்குவது, சூதாடுவது, உண்பது, பாலுணர்வு மிகுவது. நோயாளி தானாகச் சொல்லமாட்டார். வெட்கம் ஒரு காரணம். அது நோயின் பகுதி என்றே தெரியாதது இன்னொரு காரணம். ஆகவே இந்தக் கேள்வியை ஒவ்வொரு முறையும், உடன் இருப்பவரிடமும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

மருந்தை ஒரே வாரத்தில் நிறுத்தினார்கள். நான்காம் நாளிலிருந்து படபடப்பு, வியர்வை, அழுகை, 'ஏதோ கெட்டது நடக்கப்போகிறது' என்ற பயம். லெவோடோபாவைக் கூட்டியும் அடங்கவில்லை. தூண்டி மருந்தை விலக்கும்போது வரும் விடுபடல் நிலை அது. 0.25 மி.கி. மூன்று வேளையாகத் திரும்பக் கொடுத்து, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 0.125 மி.கி. வீதம் இறக்கியதில் மூன்று மாதத்தில் நின்றது. வாங்கும் உந்துதலும் அதோடு தணிந்தது.

மூன்றாம் மாதக் குறிப்பேடு: ஆஃப் 3 மணி, தொந்தரவான அசைவு 1 மணி. அறுவையால் அல்ல, கடிகாரத்தால் கிடைத்த இரண்டரை மணி நேரம். எனினும் 3 மணி நேர ஆஃப் இன்னமும் அவருடைய இரண்டு வகுப்புகளை விழுங்கிக்கொண்டிருந்தது. இப்போது இருப்பது உண்மையான மிச்சம். இதற்கு மேல் மாத்திரையால் போக முடியாது என்று சொல்லக்கூடிய இடம்.

அவருக்கு வேண்டியது என்ன

சிகிச்சையைத் தேர்வதற்கு முன் மூன்று விஷயங்களை எழுதித் தரச் சொன்னார்கள். அவர் எழுதியது: காலை 9 முதல் மாலை 4 வரை நிற்க, பலகையில் எழுத முடிய வேண்டும். இரவில் கணவரை எழுப்பாமல் கழிப்பறை போக வேண்டும். மாணவர் முன் உடல் நெளியக் கூடாது. கீழே கோடு போட்டு, கேட்கப்படாத நான்காவது: 'குரல் போகக் கூடாது.'

தேர்வு முழுவதும் அந்த நான்காவது வரியைச் சுற்றித்தான் நடந்தது.

லெவோடோபா சோதனை

12 மணி நேரம் லெவோடோபா இல்லாமல் காலையில் இயக்க மதிப்பெண்: 44. (அதிகமானால் மோசம்.) பிறகு வழக்கமான காலை அளவைவிடக் கூடுதலாக 200 மி.கி.; ஒரு மணி நேரம் கழித்து 17. அதாவது 61 சதவீத முன்னேற்றம். பொதுவாக 30 சதவீதத்தைத் தாண்டினால் அறுவைக்குத் தகுதி என்பார்கள்.

சதவீதத்தைவிட, மிச்சமிருந்த 17 எங்கே இருக்கிறது என்பதே முக்கியம். லெவோடோபா எதைச் சரிசெய்கிறதோ அதையே மின்தூண்டலும் சரிசெய்யும். நல்ல ஆன் நேரத்தில்கூட இருக்கும் குறை அறுவைக்குப் பின்னும் இருக்கும். நடுக்கமும் மருந்தால் வரும் அசைவும் மட்டும் இதற்கு விலக்கு. இவருக்கு வாசலில் கால் ஒட்டிக்கொள்வது ஆஃபில் மட்டுமே இருந்தது, ஆனில் மறைந்தது. நல்ல செய்தி. ஆனிலும் கால் உறைந்திருந்தால் அறுவை வேண்டாம் என்றே சொல்லியிருப்பார்கள். பேச்சோ இரண்டிலும் ஒரே மதிப்பெண்: குரல் சற்றுத் தணிவு, ஒரே சுருதி. அறுவையால் அது முன்னேறாது. கெட வாய்ப்பு உண்டு.

அறிவாற்றல் தேர்வில் 30-க்கு 27. படுத்து எழுந்தால் இரத்த அழுத்தம் 10 மட்டும் இறங்கியது. மனச்சோர்வு லேசாக இருந்தது, அதற்குச் சிகிச்சை தொடங்கிய பிறகே அடுத்த கட்டம்.

தட்டில் இருந்தவை

அபோமார்ஃபின் பம்ப். வயிற்றுத் தோலடியில் ஊசி, பகல் முழுக்கச் சொட்டும். 2018-இல் வெளிவந்த டொலிடோ ஆய்வில் ஆஃப் நேரத்தை நாளுக்கு 2.47 மணி குறைத்தது. மருந்தில்லாப் பம்ப் வைத்தவர்களுக்கு 0.58 மணி. மண்டையைத் திறக்க வேண்டியதில்லை, பிடிக்காவிட்டால் நிறுத்திவிடலாம். ஆனால் அதுவும் டோபமின் தூண்டிதான். பிரமிபெக்ஸோலில் பட்ட பாட்டுக்குப் பின் முதலில் நீக்கப்பட்டது இதுவே. (வேறொருவர் இதைத் தேர்ந்தால் ஒரு குறிப்பு: வாந்திக்கு ஒன்டான்செட்ரான் இதோடு சேரக் கூடாது, இரத்த அழுத்தம் அபாயமாகச் சரியும்.)

குடலுக்குள் லெவோடோபா ஜெல். வயிற்றில் துளையிட்டுக் குழாயைச் சிறுகுடல்வரை கொண்டுபோய், இடுப்பில் மாட்டிய பம்ப் மூலம் 16 மணி நேரம் செலுத்துவது. 100 மி.லி. பெட்டியில் லெவோடோபா 2,000 மி.கி. இருக்கும். மந்தமான இரைப்பையை முழுவதுமாகத் தாண்டிவிடுகிறது என்பதால், இவருடைய மதியப் பிரச்சினைக்கு நேரடி விடை. 2014-இல் வெளியான 12 வார ஒப்பீட்டில் ஆஃப் நேரம் 4.04 மணி குறைந்தது. மாத்திரையைச் சீராக்கியவர்களுக்கு 2.14 மணி. இரண்டாவது எண்ணையும் கவனிக்க வேண்டும்: மாத்திரையை ஒழுங்குபடுத்தியதாலேயே இரண்டு மணி நேரம் கிடைத்திருக்கிறது. பேச்சுக்கும் நினைவுக்கும் ஆபத்தில்லாத வழி இது. தொல்லை குழாயில். மடங்கும், அடைக்கும், உள்முனை இரைப்பைக்கே திரும்பி வந்துவிடும். துளையைச் சுற்றிப் புண் வரும். திடீரென்று மருந்து வேலை செய்யவில்லை என்றால் முதலில் குழாயைத்தான் சந்தேகப்பட வேண்டும். பி12, பி6 குறைந்து நரம்பு பாதிக்கப்படலாம். அவ்வப்போது இரத்தப் பரிசோதனை. பெட்டிகள் குளிர்பெட்டியில் இருக்க வேண்டும்.

அதே கொள்கையில் தோலடியில் செல்லும் ஃபாஸ்லெவோடோபா பம்ப் 24 மணி நேரமும் ஓடுகிறது, குழாய்த் துளை தேவையில்லை. அமெரிக்காவில் 2024 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. இரவுக் கழிப்பறைப் பிரச்சினைக்கு இதுவே அழகான விடை. ஊசி இடத்தில் கட்டி, சீழ் என்பவை விலை.

ஒலியலைக் குவிப்பால் மூளையின் ஒரு புள்ளியைச் சுடுவது, இரு பக்கமும் நோய் உள்ள, குரலை நம்பி வாழும் இவருக்குப் பொருந்தவில்லை; சுட்டது சுட்டதுதான். குருத்தணு ஊசி என்று பணம் வாங்கும் இடங்களைப் பற்றியும் கணவர் கேட்டார். முறையான மருத்துவ ஆய்வுக்கு வெளியே காசுக்குப் போடப்படுவதைச் சிகிச்சை என்று சொல்ல முடியாது.

மூளை ஆழத் தூண்டல். பிரெஞ்சு நரம்பியல் அறுவை மருத்துவர் பெனபிடும் அவரது குழுவும் 1987-இல் கிரெனோபிளில் நடுக்கத்துக்காகத் தொடங்கியது. தலைமுடியைவிடப் பலமடங்கு தடித்த, 1.27 மி.மீ. விட்டமுள்ள கம்பி இரு பக்கமும், நுனியில் 1.5 மி.மீ. நீள மின்முனைகள் நான்கு. காதுக்குப் பின்னால் தோலடியில் கீழிறங்கும் வயர். காறை எலும்புக்குக் கீழே மின்கலப் பெட்டி. மூளைக்குள் அறிகுறி காட்டும் இரத்தக்கசிவு நூற்றில் ஒன்றிரண்டு பேருக்கு. கிருமித்தொற்று அதைவிட அதிகம். வந்தால் சில வேளை முழுக் கருவியையும் எடுக்க நேரும்.

'இன்னும் சில ஆண்டு பார்க்கலாமே' என்பது கணவரின் நிலை. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் 2013-இல் வந்த இயர்லிஸ்டிம் ஆய்வில், சராசரியாக ஏழரை ஆண்டு நோயோடு இருந்த 251 பேரில், தூண்டல் பெற்றவர்களின் வாழ்க்கைத் தரம் இரண்டு ஆண்டில் 26 சதவீதம் உயர்ந்தது. மருந்தில் மட்டும் இருந்தவர்களுக்கு 1 சதவீதம் சரிந்தது. வேலை போன பிறகு அறுவை செய்தால் உடல் திரும்பும், வேலை திரும்பாது. அறிவாற்றல் மங்கிய பிறகோ, சமநிலை கெட்ட பிறகோ இந்தக் கதவு மூடிவிடும். பம்புகளுக்கு அந்த அவசரம் குறைவு. 70 வயதிலும் கேட்கலாம். ஆகவே கேள்வி 'எது சிறந்தது' என்பதிலிருந்து 'எதைத் தள்ளிப்போட முடியாது' என்று மாறியது.

அடுத்து, எந்த இலக்கு? இயக்கத்தை ஆளும் இரண்டு ஆழ்மூளைப் பகுதிகள் தேர்வில் இருந்தன. சப்தாலமிக் நியூக்ளியஸில் வைத்தால் மருந்தை நன்றாகக் குறைக்கலாம். குளோபஸ் பாலிடஸின் உட்பகுதியில் வைத்தால் மருந்து பெரிதாகக் குறையாது, ஆனால் தன்னிச்சை அசைவை நேரடியாக அடக்கும். 2010-இல் வெளியான 299 பேர் ஒப்பீட்டில் இரண்டு ஆண்டு முடிவில் இயக்க முன்னேற்றம் சமம்; மனநிலையும் சிந்தனை வேகமும் பாலிடஸ் பக்கம் சற்று மேல். லேசான மனச்சோர்வு, உந்துதல் கோளாறு வரலாறு, சொல்வளம் தேவைப்படும் தொழில். பாலிடஸ் தேர்ந்தெடுக்கப்பட்டது.

அறுவைக்குப் பின்

வெட்டும் தையலும் சிக்கலின்றி முடிந்தன. முதல் 10 நாள், கருவியை இயக்கும் முன்பே அசைவு குறைந்திருந்தது. கம்பி நுழைந்த வீக்கத்தின் விளைவு அது; மங்கிவிடும். அதை நம்பி மருந்தைக் குறைத்துவிடக் கூடாது.

நான்காம் வாரம், மருந்தில்லாத காலையில் ஒவ்வொரு முனையாகச் சோதனை. எண் 0 ஆழத்தில், எண் 3 மேலே. இடது மூளைக் கம்பியில் முனை 0-ஐ 2.5 மில்லியாம்பியருக்கு ஏற்றியதும் வலது பக்கம் மின்னல் தெரிகிறது என்றார். கீழே பார்வை நரம்புப் பாதை இருக்கிறது, கம்பி போதிய ஆழத்தில் இருப்பதற்கு அடையாளம். முனை 1-இல் 3.8-ஐத் தொட்டபோது வலது வாயோரம் இழுத்தது. பக்கத்தில் ஓடும் இயக்க நரம்புக் கற்றைக்கு மின்சாரம் கசிகிறது. ஆழ முனைகள் அசைவை நன்றாக அடக்கும், ஆனால் நடையை மந்தமாக்கக் கூடும். மேல் முனைகள் நடைக்கும் கைக்கும் நல்லது. முனை 2-இல் 2.0 மில்லியாம்பியர், 60 மைக்ரோவினாடி, நொடிக்கு 130 துடிப்பு என்று தொடங்கி, மூன்று வருகைகளில் 3.2 வரை ஏறியது.

மூன்றாம் மாதம் பயந்தது நடந்தது. பல் மருத்துவர் மரத்துப்போக ஊசி போட்டதுபோல் வார்த்தை குழறுகிறது என்றார். தொலைபேசியில் மகளே "அம்மா, திரும்பச் சொல்லுங்க" என்று கேட்கும் நிலை. நோய் முற்றியதா, மின்சாரமா? பிரித்தறிய ஒரு சோதனை போதும். ஒரு பத்தியை வாசிக்க வைத்துப் பதிவு செய்து, இடது கம்பியை அணைத்து, கால் மணி கழித்து அதே பத்தியை மறுபடி வாசிக்கச் சொன்னார்கள். தெளிவாக வந்தது. எனவே மின்சாரம்தான்.

முனை 2-ஐ எதிர்மின்னாகவும் 3-ஐ நேர்மின்னாகவும் வைத்து மின்புலம் குறுக்கப்பட்டது. பலத்தை ஈடுகட்ட 3.6. குழறல் போயிற்று. ஆனால் வலது கை எழுத்து சற்று மெதுவானது. திசை திருப்பக்கூடிய முனைகள் உள்ள கம்பியாக இருந்திருந்தால் இந்தச் சமரசம் இவ்வளவு இறுகியிருக்காது. கடைசியில் இரண்டு நிரல்களும் கருவியிலேயே வைக்கப்பட்டன. கை ரிமோட்டில் முதலாவது குறுகிய மின்புலம், பேச. இரண்டாவது அகன்றது, எழுதவும் நடக்கவும். வகுப்பில் ஒன்று, விடைத்தாள் திருத்தும்போது இரண்டு.

12-ஆம் மாதக் குறிப்பேடு: ஆஃப் 1.5 மணி, தொந்தரவான அசைவு இல்லை, தொந்தரவில்லாத அசைவு அரை மணி, நல்ல ஆன் 14 மணி. லெவோடோபா நாளுக்கு 700 மி.கி., இன்னமும் 6 வேளை. அமான்டடின் படிப்படியாகக் குறைத்து நிறுத்தப்பட்டது. இரவில் தானே எழுந்து போகிறார், பெரும்பாலான நாட்களில். மலச்சிக்கல் அப்படியே. வாசனை திரும்பவில்லை. தூக்கத்தில் கத்துவது தொடர்கிறது. எடை 4 கிலோ ஏறியிருக்கிறது. மாலை 4-க்கு மேல் குரல் தணிகிறது. பேச்சுப் பயிற்சியாளர் வாரம் நான்கு நாள் உரத்த குரல் பயிற்சி தருகிறார், வகுப்பில் சட்டையில் செருகும் ஒலிவாங்கி.

கைப்பையில் ஒரு அட்டை. ஒரு பக்கம்: லெவோடோபாவை எந்தக் காரணத்துக்காகவும் திடீரென நிறுத்தக் கூடாது (காய்ச்சலும் கடும் இறுக்கமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்), மெட்டோகுளோபிரமைடு, புரோகுளோர்பெரசின், ஹாலோபெரிடால் கூடாது. மறுபக்கம்: கருவியின் மாதிரி எண், எம்.ஆர்.ஐ. எடுக்கும் முன் கருவி நிபந்தனைகளைப் பார்க்கவும். இயன்முறைச் சிகிச்சையில் மின்காந்த வெப்பச் சிகிச்சை எந்த இடத்திலும் கூடாது. கடைசி வரி ஏன் என்று தோள் வலிக்குப் போன இடத்தில் கேட்டார்களாம். அந்த அலை கம்பி வழியே மூளைக்குள் சூட்டைக் கொண்டுபோகும். அதனால் இறந்தவர்கள் இருக்கிறார்கள்.

பாலிடஸ் தூண்டலுக்கு மின்சாரம் கூடுதலாகச் செலவாகும். மின்கலம் இப்போது 71 சதவீதம். இது தீரும்போது, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சிறு அறுவையில் மாற்றும் பெட்டியா, வாரந்தோறும் தோளில் வைத்து மின்னேற்றும் பெட்டியா என்பதை முடிவு செய்ய வேண்டும். கணவர் மின்னேற்றுவதையே விரும்புகிறார். ஆசிரியைக்கோ இன்னொரு அலாரம் வேண்டாமாம்.